கண்மாய்க் கரம்பை

திருவேங்கடத்தைச் சூழ்ந்த கரிசற் காட்டில், கோடையில் வற்றிய கண்மாய்க்குள் மாட்டு வண்டிகளை இறக்கிக் கரம்பை மண்ணை அள்ளிப் புன்செய்க்கு இடுதல் முன்னாளில் பெருவழக்காய் இருந்தது. எம் முன்னோர் இரசாயனம் கற்றவரல்லர். எனினும் அவ்வேலையின் உட்பொருளைப் பாஸ்வரத்தைப் பற்றிக் கல்லூரியில் படித்த பின்னரே யான் உணர்ந்தேன்.

பாஸ்வரம் என்பது, ஹென்னிக் பிராண்ட் என்னும் ஜெர்மானியர் 1669-ஆம் ஆண்டில் சிறுநீரைக் காய்ச்சிக் கண்டெடுத்த மூலப்பொருள். கோவில்பட்டித் தீப்பெட்டியின் பக்கத்தே பூசிய மருந்தில் இருப்பதும், நம் எலும்பில் சுண்ணத்தோடு கூடி நிற்பதும், பயிரின் வேருக்கு ஊக்கந் தருவதும் அஃதே.

நீர் ஆவியாய் எழுந்து மழையாய் மீளும். நைட்ரஜனும் காற்றினின்று பயறுகளின் வேர்வழியே நிலம் புகும். பாஸ்வரத்திற்கோ புழுதியோடு பறக்கும் சிறுபங்கு தவிர வான்வழி இல்லை. பாறை தேய்ந்து மண்ணாகி, பயிரிற் புகுந்து, ஆடு மாடு மனிதர் உடலில் தங்கி, மீண்டும் மண்ணடைந்து, வெள்ளத்தோடு பள்ளம் நோக்கி ஓடும். எம் பகுதி நீர் வைப்பாற்றின் வழியே மன்னார் வளைகுடாவைச் சேர்வது. கடலடியிற் படிந்தது பாறையாகி மறுபடியும் நிலமாய் எழக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். ஆகவே அவ்வோட்டத்தை இடையே தடுக்கும் காவல் கண்மாயே. கரம்பை அள்ளியவர், ஓடிப்போன உரத்தை வண்டியிலேற்றி மேட்டுக்கு மீட்டனர். அதில் சாணமும் மக்கிய தழையும் கலந்திருத்தலால் பயிருக்கு அது மெல்ல மெல்லக் கிட்டும். அறுவடையான நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்தியதும் இவ்வகையினதே. காடெல்லாம் மேய்ந்து திரட்டியதை ஆடுகள் ஒரே நிலத்தில் இட்டுச் செல்லும்.

இன்று அவ்விடத்தை டி.ஏ.பி. மூட்டை பற்றியுள்ளது. அதற்கு வேண்டும் பாஸ்வரப் பாறையை மொராக்கோ, ஜோர்டான் முதலிய தூரதேசங்களினின்று கப்பலேற்றிக் கொணர்கின்றோம். இராஜஸ்தானத்து ஜாமர்கோட்ராவில் வெட்டியெடுப்பது நாட்டின் தேவைக்குப் போதாது. ஆங்கிலேயர் ஆட்சியில் நம் கால்நடைகளின் எலும்புகளை மேனாட்டு வயல்களுக்குக் கப்பலேற்றியவர் நாம் என்பதை நினைக்குங்கால் நகைப்பே வருகின்றது! இட்ட உரம் முழுதும் பயிருக்கு ஆவதுமில்லை. கரிசலிற் சுண்ணாம்பு மிகுதி. அது பாஸ்வரத்தைப் பற்றிக் கரையாப் பொருளாக்கிப் பூட்டிவிடும். அதனையறியாது, மண்ணைச் சோதியாமலே மேலும் மேலும் இடுகின்றோம். அடைமழையில் மேல்மண்ணோடு அதுவும் கண்மாய்க்கே செல்கின்றது.

வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017-இல் அரசு உழவர்க்கு இடந்தந்தது. 2024-இல் வட்டாட்சியரே அனுமதி வழங்குமாறு விதியும் எளிதாயிற்று. இது நன்று. ஆயின் அள்ளிய மண் புன்செய்க்குச் செல்கின்றதா, செங்கற் சூளைக்குச் செல்கின்றதா என்று கரைமேல் நின்று பார்த்துக் கேட்க வேண்டியவர் ஊராரே.