குழாயின் மறுமுனை

எங்கள் எளாவூர் வீட்டுக்கு நிலவறை கிடையாது. அதன் வேலையையெல்லாம் கொல்லைப்புறம் பார்த்துக்கொள்கிறது. அம்மா 30 வருடமாக அங்கேதான் குத்துக்காலிட்டுத் துணி துவைத்தார். மாடியில் வாடகைக்கு இருக்கும் சிப்காட் தொழிலாளர்கள் நான்கு பேரின் துணியும் அங்கேதான். முட்டி தேய்ந்த பிறகு, நின்றுகொண்டே துவைக்க ஆழமான சிங்க் ஒன்று கேட்டார். சிங்க் வாங்குவது சுலபம். தண்ணீரை எங்கே விடுவது?

"பக்கத்துலயே நாலு இன்ச் லைன் போகுது தம்பி. ஒரு டீ போட்டுச் சேர்த்துட்டா முடிஞ்சது" என்றார் பிளம்பர் அண்ணன். அது கழிவறையிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகிற லைன். ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது வேறு எது உடையும் என்று பார்ப்பது என் பிழைப்பு. இங்கேயும் அப்படித்தான் பார்த்தேன்.

முதலில் நாற்றம். சிங்க்குக்கு அடியில் வளைந்த ட்ராப்பில் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும். வீட்டுக்கும் டேங்கின் வாயுவுக்கும் நடுவே அதுதான் கதவு. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிவறைக்கு இந்த வளைவை வைத்துக் காப்புரிமை வாங்கினார். லைனில் காற்றுக்குழாய் இல்லையென்றால், கழிவறைத் தண்ணீர் வேகமாக இறங்கும்போது ட்ராப்பில் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் வந்தது. குளியலறைத் தரையில் வறண்டு கிடந்த ட்ராப்புகள் வழியாகவும் அது பரவியிருக்கலாம் என்றது விசாரணை.

அதற்கு ஒரு வெண்ட் பைப் போதும். அடுத்த சிக்கலுக்கு அது போதாது. செப்டிக் டேங்கில் கசடு படிய நேரம் வேண்டும். துவைத்த தண்ணீர் குடம் குடமாக உள்ளே விழுந்தால் கசடு கலங்கும், டேங்கும் கெடும்.

"ரொம்பிட்டா?"

"லாரி வந்து உறிஞ்சும். அடியில கெட்டியா கட்டிக்கிட்டா லாரிக்கு வராது. ஆள எறக்குவாங்க" என்றார், சிங்க்கை அளந்துகொண்டே.

பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 1993 முதல் சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி.

கழிவறை லைனைத் தொடவில்லை. சமையலறைத் தண்ணீர் போகிற லைன் பதினைந்து அடி தள்ளி இருந்தது. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, அதில் சேர்த்தோம். வாழைக்குப் பக்கத்தில், அது முடிகிற இடத்தில் ஜல்லி போட்டு உறிஞ்சுகுழியைப் பெரிதாக்கினோம். பைப்பும் கூலியும் கூடத்தான் ஆயிற்று.

மறுநாள் அண்ணன் பக்கத்துத் தெருவில் இதே மாதிரி ஒரு சிங்க் வைக்கப் போனார். அங்கே டீ போட்டாயிற்றாம். லைன் பக்கத்திலேயே இருந்ததாம்.