படிவத்தில் இல்லாத கட்டம்

மே விடுமுறைக்கு மணப்பாடு வந்தேன். சுயமதிப்பீட்டுப் படிவமும் கூடவே வந்தது. 2018 யுஜிசி விதிமுறைப்படி, ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தால் ‘நன்று’. மொழித்துறையில் ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு 10 புள்ளி. மகப்பேறு விடுப்புக் காலத்தை மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது. பிள்ளை பெற்ற ஆண்டில் என் தரத்தைக் குறைத்தபோது இந்த வரியைக் காட்டித்தான் திருத்த வைத்தேன்.

படிப்பை நிறுத்த இருந்த மாணவியின் வீட்டுக்கு மூன்று முறை போனேன். அதற்குக் கட்டம் இல்லை.

பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

“பெட்டிக்குத்தாம்ட்டி காசு. ஓலைய வகுந்து, சாயங்காய்ச்சி, காயப்போட்ட நாளுக்கு யாரு தருவா?” என்றாள்.

கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுத இரண்டு வரி இடம் இருந்தது. பெயர் சொல்லாமல் அந்த மாணவியைப் பற்றி எழுதினேன். இந்த ஆண்டு அவள் தேர்வு எழுதிவிட்டாள் என்பதையும். புள்ளி வராது. கோப்பில் இருக்கட்டும்.