ஹெலிகாப்டர் பைலட்டுக்காக யார் பேசுறாங்க?

"பைலட்டுக்கெல்லாம் யூனியனாய்யா? கை நிறைய சம்பளம் வாங்குறவங்களுக்கு என்ன குறை?" இப்படிக் கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. குறை இருக்கு மக்களே. அதுல என் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கு.

எண்ணெய் வேலைக்காக ஸ்காட்லாந்தின் அபர்டீனில் சில வருஷம் குப்பை கொட்டியவன் நான். வட கடல் மேடைகளுக்குப் போக ஹெலிகாப்டர்தான் எங்களுக்கு டவுன் பஸ். தண்ணித் தொட்டியில் தலைகீழாகக் கவிழ்த்து, ஜன்னல் வழியே வெளியே வரப் பழக்கிவிட்டுத்தான் ஏற்றுவார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் நல்லாத் தூங்கினாங்களா, "இன்னிக்குப் பறக்க முடியாது"ன்னு சொன்னா அவங்க வேலை நிலைக்குமா... இதையெல்லாம் யோசிக்காத பயணி அங்கே குறைவு.

அவங்களுக்காகப் பேசுவது பால்பா. 1937ல் தொடங்கிய பிரிட்டிஷ் விமானிகள் சங்கம். பெயரிலேயே 'ஏர்லைன்' இருக்கு. உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் பெரிய ஜெட் ஓட்டுறவங்க, ஹெலிகாப்டர்காரர்கள் சிறுபான்மை. 'நாங்க இவங்களுக்கு ஒட்டுவாலா?' என்ற முணுமுணுப்பு எழுவது இயல்புதான்.

முதலில் சங்கத்தின் நல்ல பக்கம். 2009 ஏப்ரலில் சூப்பர் பூமா ஒன்று கியர்பாக்ஸ் உடைந்து விழுந்து 16 பேரும் இறந்தார்கள். 2013 ஆகஸ்டில் ஷெட்லாந்து பக்கத்தில் இன்னொன்று. 18 பேரில் 4 பேர் போனார்கள். முழுமையான பொது விசாரணை வேணும்னு பால்பா கேட்டது. 2014ல் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவும் கேட்டது. அரசு அசையலை. 2015ல், 2013 விபத்தின் காக்பிட் பதிவை அரசுத் தரப்பு கேட்டு எடின்பரோ நீதிமன்றம் போனப்போ, 'பாதுகாப்பு ஆய்வுக்கான பதிவை வழக்குக்குக் கொடுத்தா நாளைக்கு எவனும் மனசு திறந்து பேசமாட்டான்'னு சங்கம் எதிர்த்து நின்றது. தோற்றது. ஆனா தனி ஆளா இரண்டு பைலட்டுகள் அந்த வக்கீல் செலவைத் தாங்க முடியுமா? பெரிய சங்கத்தின் பலன் இது.

சம்பளம், வேலை நிரந்தரம்னு வந்தா கதை வேற. இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. பிரிட்டனில் 1990லிருந்து அனுதாப வேலைநிறுத்தம் சட்டப் பாதுகாப்பு இல்லாத ஒன்று. ஹெலிகாப்டர் பைலட்டுக்கு அநியாயம் நடந்தா, அதே சங்கத்தில் இருக்கும் ஜெட் பைலட் ஒரு மணி நேரம்கூட வேலையை நிறுத்த முடியாது. கூட்டம் பெரிசு, ஆனா அடி வாங்கும்போது தனியாத்தான் வாங்கணும். இன்னொண்ணு, பைலட்டுக்குச் சம்பளம் கொடுப்பது ஹெலிகாப்டர் கம்பெனி. அந்தக் கம்பெனிக்குப் படியளப்பது எண்ணெய்க் கம்பெனி. 2014க்கு அப்புறம் எண்ணெய் விலை சரிஞ்சப்போ கத்தி மேலேயிருந்து கீழே இறங்கியது. பேச்சுவார்த்தை மேஜையில் நிஜமான முதலாளி உட்காருவதே இல்லை!

'அப்ப தனிச் சங்கம் வைக்கலாமே?' அமெரிக்காவைப் பாருங்க. மெக்சிகோ வளைகுடாவில் பறக்கும் பி.எச்.ஐ. பைலட்டுகளுக்கு இருந்தது அலுவலக ஊழியர் சங்கத்தின் கிளை. (ஆமாம், ஆபீஸ் ஊழியர் சங்கம்தான் :-)) தங்களுக்கென்று தனிக் கிளை, முடிவெல்லாம் தாங்களே. 2006 செப்டம்பரில் ஸ்டிரைக் செய்தார்கள். ஏழு வாரம் போல இழுத்து, ஒப்பந்தம் இல்லாமலே வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆக, பால்பா போதுமான்னு கேட்டா என் பதில்: பாதுகாப்புக்கும் கோர்ட்டுக்கும் போதும், பேரம் பேச மட்டும் போதாது. அதுக்குப் பயணிகளின் சங்கங்களான யுனைட், ஆர்.எம்.டி.யோடு சேர்ந்து எண்ணெய்க் கம்பெனியிடமே பேசணும். ஒரே ஹெலிகாப்டரில் பறக்கிறவங்க மூணு சங்கமாப் பிரிஞ்சு நின்னா யாருக்கு லாபம்?

சங்கத்தின் பெயர் எதுவாவது இருக்கட்டும். மோசமான வானிலையில் "முடியாது"ன்னு சொல்லும் பைலட்டுக்கு மறுநாளும் வேலை இருக்கணும். பின்னால் உட்கார்ந்து போனவனுக்கு அதுதான் அளவுகோல்.

உங்க வேலையிடத்தில் உங்க சங்கம் எப்படி? பின்னூட்டத்தில் சொல்லுங்க.