மணி ஆறு

ஆடி பிறந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. ஐந்தாம் வெள்ளி புதுச்சேரி வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஆளுநரே வந்து வடம் பிடிக்கிற தேர். அரியாங்குப்பத்தில் தையல் கடை வைத்திருப்பவனுக்கு அதைவிடப் பெரிய சீசன் இல்லை. அப்படி ஓர் ஆடியில்தான், ஆவணிக் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பட்டு ஜாக்கெட் துணியை விற்றுக் குடித்தேன். பிறகு மிஷின் போயிற்று, கடை போயிற்று. மகளைக் கூட்டிக்கொண்டு மனைவி தாய்வீட்டுக்குப் போனாள். ஆற்றுப் பாலத்தடியில் படுத்தேன்.

அங்கே இரண்டு வருஷம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, குடித்தேன், தூங்கினேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சாராயக்கடை, பிராந்திக்கடை எல்லாம் மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி என் உடம்பு முழுக்க நூல் ஊர்ந்தது. இழுத்து இழுத்துப் போட்டேன், தீரவே இல்லை. ஒரு நூல்கூட அங்கே இல்லை என்று பிறகு சொன்னார்கள். சோறு கொண்டுவந்த டீக்கடை அக்காதான் பார்த்துப் பதறி, பையன்களை அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வருஷக்கணக்காகக் குடித்த உடம்புக்குச் சாராயத்தை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம் என்று டாக்டர் சொன்னார். மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு மெதுவாக இறக்கினார்கள். வைராக்கியம் இருந்தால் போதும் என்று குடிகாரனை அறையில் பூட்டிவைக்கிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பு சில நாளில் தேறியது. தேறாதது சாயங்காலம். ஆறு மணி ஆனால் கால் தானாக நடக்கும். மே 25ஆம் தேதி கடைகளைத் திறந்தார்கள். கொரோனா வரி போட்டு விலையை ஏற்றியிருந்தும் வரிசை நின்றது. அன்று ஐந்தரைக்கே அக்கா என்னைக் கூப்பிட்டு, ஒரு வாளி கிளாஸை முன்னால் வைத்தார். "கழுவுப்பா. ஏழு மணிக்கு இட்லி தரேன்." மறுநாளும் அதே வாளி. பாதி கிளாஸ் ஏற்கெனவே கழுவியவை என்று எனக்குத் தெரியும்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஓர் அண்ணன் என்னை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும், இரண்டு குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது அது. கட்டணம் கிடையாது, அறிவுரையும் கிடையாது. ஒவ்வொருவரும் தன் கதையை மட்டும் சொல்வார்கள். நான் முதல் மாதம் வாயே திறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துச் சறுக்கினேன். காரணம் எதுவும் இல்லை. கையில் கூலி இருந்தது, அவ்வளவுதான். விடிந்ததும் வெட்கத்தில் பழையபடி பாலத்தடிக்கே போய்ப் படுத்தேன். அன்று மாலை டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அந்த அண்ணனும் இன்னும் இருவரும். "மணி ஆறாவுது, எழுந்திரு. கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றார். ஏன் குடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்றத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் பேசினேன். பட்டுத் துணியைப் பற்றிப் பேசினேன்.

பழைய மிஷின் ஒன்றைத் தவணையில் வாங்க அக்கா ஜாமீன் நின்றார். டீக்கடைத் தாழ்வாரத்திலேயே போட்டுக்கொண்டேன். முதலில் கிழிசல், ஜிப், பள்ளிச் சட்டைப் பட்டன். துணிக்கான பணம் சேர்ந்ததும் அந்தக் கல்யாண வீட்டுக்குப் போனேன். பெண்ணுக்கு அதற்குள் குழந்தையே பிறந்திருந்தது. அவள் அம்மா வாசலிலேயே பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் அந்த வீட்டிலிருந்து ஒரு பாவாடைத் துணி வந்தது, குழந்தைக்கு. நோட்டில் அளவும் தேதியும் குறித்தேன். புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். செவ்வாய் மாலை ஆறு மணிக்குத் தைத்து முடித்து, ஆணியில் மாட்டினேன்.