ஒரு சிறு நாட்டில் ஒரு வாரம்

ஐரோப்பாவைக் காண விரும்பும் நம்மவர்களில் பலர், பத்து நாட்களில் ஆறு தலைநகரங்களைப் பார்த்துவிடத் திட்டமிடுகிறார்கள். காலையில் ஒரு நகரம், இரவில் மற்றொரு நகரம். இடையில் பெட்டிகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமே வேலை. எந்தக் கோபுரம் எந்த ஊரில் இருந்தது என்பதை, வீடு திரும்பியபின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுச் சேமிப்பையும், அரிதாகக் கிடைத்த விடுமுறையையும், முதிய பெற்றோரின் உடல் வலிமையையும் ஒருங்கே செலவிடும் குடும்பங்களுக்கு வேறொரு வழி உண்டு. ஒரே ஒரு சிறு நாட்டைத் தேர்ந்துகொண்டு, அதை ஆற அமரக் கண்டு வருவதே அவ்வழி. அதற்கு மிகவும் ஏற்ற நாடு லக்ஸம்பர்க்.

பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே அமைந்தது இந்நாடு. பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். நம் கோவா மாநிலத்தைவிடச் சிறியது. வடக்கிலிருந்து தெற்கு வரை 82 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்கு வரை 57 கிலோமீட்டர். ஆகவே ஓர் ஊரில் தங்கிக்கொண்டு, நாள்தோறும் ஒரு திசையில் சென்று, மாலையில் அதே அறைக்குத் திரும்பிவிடலாம்.

வீஸா

முதற்கண் கவனிக்க வேண்டியது வீஸா. லக்ஸம்பர்க்குக்கென்று தனி வீஸா இல்லை. ஷெங்கன் வீஸாவே போதும். 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்க அது இடமளிக்கும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்நாட்டின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இரு நாடுகளில் சம நாட்கள் தங்கினால், முதலில் நுழையும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். லக்ஸம்பர்க்கில் ஐந்து நாளும் பாரிஸில் இரண்டு நாளும் தங்குவோர், விமானம் பாரிஸில் இறங்கினாலும் லக்ஸம்பர்க்குக்கே விண்ணப்பிப்பது முறை.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறைந்து விண்ணப்பிக்கலாகாது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு முதல் பதினோரு வயது வரையுள்ள சிறுவர்களுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. வீஸா மறுக்கப்பட்டால் இத்தொகை திரும்பி வராது. எனவே, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறைகளையும் பயணச்சீட்டுகளையும் ஏற்பாடு செய்வதே விவேகம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பெற்றோர் உடன் வருவதாயின், அவர்களுக்கு முன்பே உள்ள நோய்களைப் பற்றி அந்தக் காப்புறுதி என்ன சொல்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட், திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதமேனும் செல்லுபடியாக வேண்டும்.

2025 அக்டோபர் 12 முதல், எல்லையில் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவரலாயினர். இச்சோதனை, ஷெங்கன் வட்டாரத்தில் நாம் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே நடைபெறும். பாரிஸிலோ பிராங்க்பர்ட்டிலோ விமானம் மாறுகிறவர்கள் இடைப்பொழுதைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

காலமும் தங்குமிடமும்

மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். நம் குழந்தைகளின் கோடை விடுமுறைக்கும் அது பொருந்தும். ஆயினும் எந்த மாதத்திலும் மழை பெய்யலாம். குடையும் கம்பளிச் சட்டையும் இன்றிப் புறப்பட வேண்டாம்.

தங்கும் செலவே இந்நாட்டில் பெருஞ் செலவு. ஐரோப்பிய நீதிமன்றமும், ஐரோப்பிய முதலீட்டு வங்கியும், வேறு பல வங்கிகளும் தலைநகரில் இருப்பதால், அலுவல் நிமித்தம் வருவோர் கூட்டம் வார நாட்களில் அதிகம். சனி ஞாயிறுகளில் வாடகை சற்று இறங்குவதுண்டு. சமையலறையுடன் கூடிய சிறு வீட்டை வாடகைக்கு எடுப்பது குடும்பத்துக்குச் சிக்கனம். தலைநகரிலேயே தங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. காரணம் கேளுங்கள்.

2020-ஆம் ஆண்டு முதல் இந்நாடெங்கும் ரயில், டிராம், பஸ் ஆகிய யாவும் இலவசம். குடிமக்களுக்கு மட்டுமன்று, வந்து போகும் நமக்கும் அப்படியே. சீட்டு வாங்க வேண்டுவதில்லை. ஏறி உட்கார வேண்டியதுதான். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் கட்டணம் உண்டு. எல்லையைத் தாண்டினால் அந்த நாட்டுப் பகுதிக்குச் சீட்டு வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. எனவே எட்டல்புருக் போன்ற ரயில் சந்திப்பூரில் தங்கினாலும், போக்குவரத்துச் செலவு ஒரு காசும் கூடாது.

ஏழு நாள் நிரல்

முதலிரு நாட்களைத் தலைநகருக்கு ஒதுக்கலாம். 963-ஆம் ஆண்டில் சீக்பிரீட் என்னும் பிரபு பாறைமீது கோட்டை கொண்ட இடம் இது. பின்வந்த பல அரசுகள் அதை மேலும் மேலும் பலப்படுத்தின. 1867-ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கைப்படி நாடு நடுநிலை நாடாயிற்று. கோட்டையை இடிக்க வேண்டியதாயிற்று. எஞ்சியவற்றுள் போக் பாறையைக் குடைந்த சுரங்க வழிகள் வியப்புக்குரியவை. இரண்டாம் உலகப்போரில் மக்கள் குண்டுவீச்சுக்குத் தப்பி இங்கே ஒதுங்கினர். படிகள் மிகுதி, முழங்கால் வலியுள்ளவர்கள் இறங்க வேண்டாம். அவர்களுக்குப் பாறை விளிம்பில் செல்லும் கோர்னிஷ் நடைபாதை போதும். பள்ளத்தாக்குக்கு இறங்கி ஏற, பாபன்தாலில் கண்ணாடி மின்தூக்கி இருக்கிறது. அதற்கும் கட்டணமில்லை.

மூன்றாம் நாள் வியாந்தன். ஆற்றங்கரைச் சிற்றூர், மேலே மலைக்கோட்டை. 1871-ஆம் ஆண்டில் பாரிஸ் எழுச்சியில் தோற்றோருக்கு அடைக்கலம் தருவேன் என்றதற்காகப் பெல்ஜியத்திலிருந்து வெளியேற்றப்பட்ட விக்டர் ஹ்யூகோ, சில மாதங்கள் இவ்வூரில் தங்கினார். அவர் இருந்த வீடு இன்று காட்சிச்சாலை.

நான்காம் நாள் ரயிலேறி வடக்கே கிளெர்வோ செல்லலாம். லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன், 1955-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ‘மனிதக் குடும்பம்’ என்னும் கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகளிலிருந்து தேர்ந்த 503 படங்கள். அத்தொகுப்பு இவ்வூர்க் கோட்டையில் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. பிறப்பு, உழைப்பு, பசி, விளையாட்டு, மரணம் என்று வரிசையாக நிற்கும் அம்முகங்களில் இந்திய முகங்களும் உண்டு. குழந்தைகளுடன் இரண்டு மணி நேரமாவது செலவிடத்தக்க இடம். வாரத்தில் மூடும் நாட்கள் உள்ளன, பார்த்துக்கொண்டு செல்க.

ஐந்தாம் நாள் எக்டர்நாக். 698-ஆம் ஆண்டில் புனித வில்லிப்ரோர்ட் மடம் நிறுவிய ஊர். பெந்தெகொஸ்தே திருநாளையடுத்த செவ்வாயன்று, மக்கள் வெள்ளைக் கைக்குட்டைகளால் ஒருவரோடொருவர் இணைந்து, துள்ளி ஆடியபடியே ஊர்வலம் செல்வர். அருகிலுள்ள முல்லர்தால் காட்டில் மணற்பாறை இடுக்குகளினூடே நடைவழிகள் செல்கின்றன. ஆறாம் நாள், மோசெல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்களிடையே உள்ள ஷெங்கன் கிராமம். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை நீக்க உடன்பட்டது இவ்வூர்க் கரையில் நின்ற கப்பலில்தான். நம் பாஸ்போர்ட்டில் ஒட்டிய வீஸாவுக்குப் பெயர் தந்த ஊர் இத்தனை சிறியதா என்று வியப்பீர்கள். ஏழாம் நாள் ஓய்வு.

உணவு

குழாய்நீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனியன்றே பாலும் ரொட்டியும் வாங்கி வைப்பது நலம். சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வூர் அவரைக்காய்ச் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பது வழக்கம், கேட்டறிந்தே உண்க. சந்தைகளில் கிடைக்கும் உருளைக்கிழங்கு அடை சுவையானது. ஆனால் அதில் முட்டை கலப்பார்கள்.

மொழியும் நாமும்

காட்சிகள் யாவற்றினும் நம் போன்ற குடும்பங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது அம்மக்களின் மொழி வாழ்க்கை. அங்கு வாழ்வோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிறநாட்டினர். அண்டை நாடுகளிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வந்து திரும்புவோர் இரண்டு லட்சத்துக்கு மேல். கடையில் பிரெஞ்சு, செய்தித்தாளில் ஜெர்மன், வீட்டில் லக்ஸம்பர்கிஷ். பெரிய மொழிகள் இரண்டின் நடுவே இச்சிறு மொழி கரைந்து போயிருக்கலாம். கரையவில்லை. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தேசிய மொழி என்று அறிவித்தது. சட்டத்துக்கு முன்பே, தாய்மார் குழந்தைகளோடு அதில் பேசுவதை விடவில்லை என்பதே உண்மைக் காரணம்.

வெளியே ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் தமிழ் என்று வாழும் நம் பிள்ளைகள் இதைக் கண்ணால் காண வேண்டும். மூன்று மொழி பேசுவது பாரமன்று, அங்கே அது பால்காரனுக்கும் பஸ் ஓட்டுநருக்கும் இயல்பு என்று அவர்கள் உணர்ந்தால், அது எந்தக் கோட்டையைக் கண்டதினும் பெரிய பயன். புறப்படுமுன் ‘மொயன்’ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுங்கள். வணக்கம் என்பது பொருள். அந்நாட்டார் மொழியில் ஒரு சொல் சொல்லி முகம் மலரக் கண்ட குழந்தை, தன் மொழியின் அருமையையும் தானே அறியும்.