அ, இம், மா

பதினெட்டு ஆண்டுகளாக முதுகலை மாணவர்களுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நடத்தி வருகிறேன். நூன்மரபு தொடங்கிக் குற்றியலுகரப் புணரியல் வரை ஒன்பது இயல்களும் ஏறக்குறைய மனப்பாடம். எழுத்து எத்தனை, எங்கே பிறக்கும், எதனோடு சேர்ந்தால் எப்படித் திரியும் என்று யார் கேட்டாலும் உரையாசிரியர்களின் கருத்து வேறுபாடுகளோடு சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, என் ஆறு வயது மகளுக்கு 'அம்மா' என்ற சொல்லைப் படிக்கக் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை.

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பதைக் கொள்கையாகக் கொண்ட பெற்றோர் சிலரை நான் அறிவேன். நாங்கள் அந்த இனமல்ல. எங்களுக்கு அது நேர்ந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் யு.கே.ஜி. முடிக்கவில்லை. ஜூன் மாதம் கைப்பேசித் திரையிலேயே ஒன்றாம் வகுப்புக்கு ஏறினாள். நாற்பது சதுரங்களில் நாற்பது முகங்கள். பாதி முகங்களின் நெற்றி மட்டும் தெரியும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. அதையும் சில நாள் பார்த்தோம். பிறகு, தமிழ் படித்தவள் வீட்டில் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்று எனக்கே தோன்றிவிட்டது. அந்தத் தோன்றல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

திட்டம் போட்டேன். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு. கூடத்துச் சுவரில் 247 கட்டங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை என் கையாலேயே எழுதி ஒட்டினேன். பார்க்க மிக அழகாக இருந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி தொலைபேசியில், "அ-வை முதலில் எழுத வைக்காதே, சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த கடினமான வடிவம் அது. ட, ப, ம என்று கோடுகளில் தொடங்கு. மூன்றெழுத்திலேயே படம், பட்டம், மடம் எல்லாம் வந்துவிடும்" என்றாள். அகர முதல என்று வகுத்த மரபை ஒரு ட-வுக்காக விடுவதா என்று நான் கேட்கவில்லை.

ஓராண்டில் மகள் பட்டியலின் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் பெயர் சொன்னாள். படிக்கத்தான் வரவில்லை.

"அ... இம்... மா."

"சேத்துச் சொல்லு."

"அயிம்மா."

முதலில் சிரித்தேன். பத்தாம் முறை சிரிப்பு வரவில்லை. அவள் எழுத்தின் ஒலியைச் சொல்லவில்லை, நான் கற்றுக்கொடுத்த பெயரைச் சொல்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே பல மாதங்கள் ஆயின. மெய்யெழுத்துக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து இக், இங், இச் என்று சொல்லித்தருவது நம் வகுப்பறை வழக்கம். மெய் இயங்குவது அகரத்தோடு என்கிறது தொல்காப்பியம். இந்த இகரம் எங்கிருந்து நுழைந்தது என்று ஆண்டுதோறும் அந்த நூற்பாவை நடத்திய நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவளோ யோசிக்காமல், நான் சொன்னதை நம்பி, நேர்மையாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேள்விகளும் என்னைத் திணறடித்தன. "அக்கால ஒரு க, தங்கச்சில ஒரு க, ரெண்டும் வேற மாதிரி கேக்குது. ஏம்மா ஒரே எழுத்து?" இதற்கு வகுப்பில் ஒரு மணிநேர விடை வைத்திருக்கிறேன். ஆறு வயதுக்கு விடையில்லை. இன்னொரு நாள், 'அம்மா வந்தாள்' என்ற வரியை நான் படித்துக்காட்டியதும் முகம் சுளித்தாள். "அம்மாவ யாராச்சும் வந்தாள்னு சொல்லுவாங்களா? வந்தாங்கன்னுதானே சொல்லணும்." எழுத்துத் தமிழ் அவளுக்கு முதலில் மரியாதை தெரியாத ஒரு மொழியாகத்தான் அறிமுகமாயிற்று.

எண்கள் என் மாமனார் பொறுப்பு. அரிசி மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். கீரைக்காரம்மா கூறு கட்டுவதுபோலப் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு போட்டு அவளை எண்ணவைப்பார். எண்பத்தொன்பது வரை தடையின்றிப் போவாள். அடுத்தது, "ஒம்பது பத்து". நான் அடுக்களையிலிருந்து "தொண்ணூறு" என்று திருத்துவேன். "அதுல நூறு வருதே? நூறு இன்னும் வரலியே?" என்றாள் ஒருநாள். ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பழைய பெயர் உண்டு, பரிபாடலில் இருக்கிறது, ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியர் விதி வகுத்திருக்கிறார் என்று கரண்டியும் கையுமாகத் தொடங்கினேன். மாமனார் கையமர்த்தினார். "பாப்பா, நீ சொல்றதுதான் ஞாயம். ஆனா ஊரு தொண்ணூறுன்னு சொல்லுது. நாமளும் அப்படியே சொல்லிட்டுப் போவோம்." ஒன்பது கூறுகளையும் ஒன்றாகத் தள்ளிக் காட்டினார். அவளுக்கு அது போதுமாயிருந்தது. அவளுடைய கணக்கு அன்று முதல் நன்றாகவே நடந்தது. ஆகவே அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

சொல்லத் தயங்குவது வேறொன்று. 2021 ஏப்ரலில் ஒரு மாலை. யானைக் கதைப் புத்தகம் ஒன்றை அவள் சரளமாகப் படித்துக்கொண்டிருந்தாள். விரல் வரியின் கீழ் நகர்ந்தது. குரலில் ஏற்ற இறக்கம்கூட இருந்தது. என் பதினான்கு மாத உழைப்பு பலித்துவிட்டது என்று நெஞ்சு விம்ம நின்றேன். இடையில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தாற்போல் புரண்டன. அவள் நிற்கவில்லை. புரண்டுபோன பக்கத்தின் கதையை, எதிரே இருந்த வேறொரு பக்கத்தில் விரல் வைத்துப் 'படித்து'க்கொண்டே போனாள்.

"ஏமாத்துறியா?" என்றேன். கையில் அடிஸ்கேல் இருந்தது. புறங்கையில் ஓர் அடி. சிவந்த கோடு ஒன்று எழும்பியது. என் தந்தையும் ஆசிரியர். அவருடைய பிரம்பை வெறுத்து வளர்ந்தவள் நான். வகுப்பில் இதுவரை ஒரு மாணவரையும் அதட்டிப் பேசியதில்லை.

அவள் அழவில்லை. "நான் படிக்கத்தானே செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியின் பொருள் பின்னால்தான் புரிந்தது. பெரியவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு கதை சொல்கிறார்கள். அதற்குப் பெயர் படிப்பது. அவளும் அதையே செய்தாள். அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ஏறக்குறைய ஒரு மாதம் அவள் பென்சிலைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சுவரில் பட்டியல் மட்டும் இருந்தது.

மே 10ஆம் தேதி மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. எதிர்வீட்டில் அவள் வயதொத்த சிறுமி ஒருத்தி உண்டு. அந்த வீட்டுக் கதவு சில நாட்களாகத் திறக்கவில்லை. ஒரு பிற்பகல், நான் மாணவர்களுக்கு இணையவழி வகுப்பெடுத்துவிட்டு எழுந்தபோது கூடத்தில் மெல்லிய பேச்சுக்குரல்.

"தாத்தா, வா எப்படி எழுதணும்? அம்மாட்ட கேக்காதீங்க."

கதவோரம் அப்படியே நின்றுவிட்டேன். என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்க வேண்டாம் என்று இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. அவர் காகிதத்தில் வா என்று எழுதிக் காட்டினார். மற்றதை அவளே எழுதினாள்: 'நி வா. வெலயாட.' மாலையில் அந்தச் சீட்டைத் துணிக்கிளிப் போட்டு எதிர்வீட்டு இரும்புக் கதவில் மாட்டிவிட்டு வந்தாள். ஐந்து எழுத்துப் பிழைகள்வரை நான் எண்ணியிருப்பேன் போலிருக்கிறது, மூன்றே சொற்களில். சிவப்பு மை பழகிய விரல்கள் அரித்தன. பேசாமல் இருந்தேன். பெருந்தன்மையால் அல்ல, பயத்தால்.

இரண்டு நாள் கழித்து அதே கிளிப்பில் பதில் தொங்கியது. மகள் அதை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உதடுகள் அசைவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திடீரென்று எழுந்து ஓடிவந்தாள்.

"அம்மா, அவளுக்குக் காச்சலாம்! அவங்கம்மாவுக்கும்!"

வாங்கிப் பார்த்தேன். 'வரமட்டேன். காச்சல். அம்மாகும்.' கீழே படுத்திருக்கும் இரண்டு உருவங்கள். (முதலில் நான் செய்தது அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியதுதான்.) அந்த வீட்டில் நோய் இருப்பது தெருவில் யாருக்கும் தெரியாது. முந்தைய ஆண்டு வீட்டு வாசலில் தகரம் அடித்த கதைகளுக்கு அஞ்சி அவர்கள் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார்கள். மாமனார் உடனே தொலைபேசியில் அழைத்தார். அன்றிரவு முதல் பதினைந்து நாட்கள் எங்கள் வீட்டு இட்லியும் ரசமும் அந்த இரும்புக் கதவில் தொங்கின. எல்லோரும் பிழைத்தெழுந்தார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகுதான், அவள் படித்துவிட்டாள் என்பதே எனக்கு நினைவு வந்தது. யாரும் முன்னால் சொல்லித்தராத ஒரு வரியை, மனப்பாடத்துக்கு வழியே இல்லாத ஒரு செய்தியை. அந்தச் சீட்டில் இகரமும் இல்லை, வந்தாளும் இல்லை. இரண்டு குழந்தைகளும் பேசுவதுபோலவே எழுதியிருந்தது. நியூசிலாந்தின் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில், ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு அட்டையில் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார். பேய், முத்தம் போன்ற சொற்களைக் குழந்தைகள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்களாம். பின்னாளில் அதைப் படித்தபோது நான் சுவரைப் பார்த்தேன். 247 கட்டங்களில் அவளுக்கு வேண்டியது எது என்று ஒருநாளும் கேட்கவில்லையே.

அதன்பிறகு பாடம் மாறியது. பிறப்பியலை எடுத்துக்கொண்டு இருவரும் கண்ணாடி முன் உட்கார்ந்தோம். ப-வும் ம-வும் உதட்டை மூடாமல் வருமா என்று முயன்று பார்த்தாள். ள-வுக்கு நாக்கு எங்கே தொடுகிறது, ழ-வுக்கு எங்கே தொடாமல் நிற்கிறது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்துச் சிரித்தாள். ம் என்பதை 'இம்' இல்லாமல் வெறுமனே முனகக் கற்றுக்கொண்டாள். அந்த இயலை அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

2021 நவம்பர் முதல் தேதி பள்ளி திறந்தது. இரண்டாம் வகுப்பு. முதல் வாரமே சொல்வதெழுதுதலில் 'காச்சல்' சிவப்பு வட்டத்தோடு வந்தது. "யாரும் ய் சொல்றதில்லையேம்மா?" என்றாள். உடம்பு காய்வதால் காய்ச்சல், அந்த ய் அங்கிருந்து வருகிறது என்று விளக்கினேன். சற்று யோசித்தாள்.

"அப்ப அவ எழுதுனதும் தப்பா?"

"தப்புதான்."

"அவளுக்கு அன்னைக்கு ஒடம்பு சரியில்லைல்லம்மா," என்று சொல்லிவிட்டு, காய்ச்சல், காய்ச்சல் என்று ஐந்து முறை எழுதத் தொடங்கினாள்.