கடல் இல்லாத ஊரின் கப்பல்

ஹைதராபாத்தில் கடல்சார் அருங்காட்சியகம் கிடையாது. மாரேட்பள்ளியில் வளரும் என் பேத்தி போர்க்கப்பல் ஒன்றில் ஏறிப் பார்க்க சிட்னி வரை வரவேண்டியிருந்தது. டார்லிங் ஹார்பரில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில், ‘வாம்பயர்’ என்ற பழைய நாசகாரிக் கப்பலைச் சுற்றிவிட்டு இறங்கும்போது கேட்டாள்: “தாத்தா, நம்ம ஊருக்குன்னு கப்பலே இருந்ததில்லையா?”

“தேடிப் பாத்துடுவோம்மா” என்றேன்.

முதலில் அகப்பட்டது மசூலிப்பட்டினம். கோல்கொண்டா குதுப்ஷாகி மன்னர்களுக்குக் கடல்வாசல் அதுதான். அவர்கள் நாட்டுத் துணி அங்கிருந்துதான் பாரசீகம் வரை கப்பலேறியது. 1611இல் ஆங்கிலேயக் கம்பெனி அங்கே கடை விரித்தது. 1759இல் ஊரே அவர்கள் கைக்குப் போயிற்று. குதுப்ஷாகிகளுக்குப் பின்னாளில் ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம், 1766 ஒப்பந்தத்தில் வட சர்க்கார் கடற்கரையையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். எஞ்சியிருந்த குண்டூரும் 1788இல் போனது. இந்தியாவின் மிகப் பெரிய சமஸ்தானங்களில் ஒன்று, உப்புக்காற்று படாத நாடாகிவிட்டது.

அத்தோடு தேடல் முடிந்திருக்கும். ஆனால் ஆஸ்திரேலியக் கடற்படையின் கப்பல் வரலாறுகளில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: ‘நிஜாம்’.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் தளத்தில் கட்டப்பட்டு, 1940 ஜூலையில் நீரில் இறங்கிய நாசகாரி அது. கட்டுமானச் செலவுக்குப் பணம் தந்தவர் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். அவர் பட்டமே கப்பலுக்குப் பெயராயிற்று. பிரிட்டனுக்குச் சொந்தமான கப்பலை 1941 ஜனவரி முதல் ஓட்டியவர்கள் ஆஸ்திரேலியர்கள். நிஜாமுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. முதல் உலகப்போரிலேயே ஒரு விமானப் படைப்பிரிவுக்கு விமானங்கள் வாங்கித் தந்து, அதற்கு ‘ஹைதராபாத்’ என்ற பெயரைச் சேர்த்தவர் அவர்.

கிரீட் தீவில் சிக்கிய வீரர்களை ‘நிஜாம்’ மீட்டது. முற்றுகையில் கிடந்த டோப்ருக்குக்கு ஆளும் சரக்கும் சுமந்தது. 1945 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் லூவின் முனையருகே பேரலை ஒன்று கப்பலைச் சாய்த்தபோது பத்து மாலுமிகள் கடலில் போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டபோது, டோக்கியோ விரிகுடாவில் நின்ற கப்பல்களில் ‘நிஜாமும்’ ஒன்று. 1950களில் அதைப் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள்.

பேத்தியிடம் இவ்வளவையும் சொன்னேன். “ராஜாவுக்கு அவ்வளவு பணம் எங்கேர்ந்து தாத்தா?” என்று அடுத்த கேள்வி வந்தது. என் தேடலில் கப்பலை விடப் பெரிய விஷயம் இதுதான். 1937இல் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் படம் வருமளவுக்கு அவர் செல்வந்தர். அரசுக் கஜானா ஒரு பக்கம், ‘சர்ஃப்-இ-காஸ்’ எனப்பட்ட சொந்த நிலங்களின் வருமானம் இன்னொரு பக்கம். எந்தப் பையிலிருந்து எடுத்திருந்தாலும், அதை நிரப்பியதில் பெரும்பங்கு தெலங்கானாவிலும் மராத்வாடாவிலும் கன்னட மாவட்டங்களிலும் நிலத்தில் உழைத்தவர்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் கடலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

ஹைதராபாத்தின் புரானி ஹவேலியில் நிஜாம் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பேரக்குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கப்பலின் கதையையும் சொல்லுங்கள். பெயர் யாருடையது என்பதோடு, காசு யாருடையது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.